கும்பிட்ட இடத்தை யாரும் சொல்லவில்லை

கண்டாவளைப் பக்கத்துப் பூசணிக்காயையும் வத்தகப்பழத்தையும் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றிப் போவதும், திரும்பும்போது கரட், கோவா, லீக்ஸ் ஏற்றி வருவதும் என் தொழில். கொரோனாக் காலத்தில் நாடு முழுக்கப் பூட்டிக் கிடந்தபோதும் சாப்பாட்டுச் சாமான் ஏற்றும் லொறிகளை மட்டும் ஓடவிட்டார்கள். ஒரு லொறிக்கு ஒரு ஆள் என்று பாஸ் தந்தார்கள். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், எதிரே வாகனமும் இல்லாமல், அந்த நீண்ட வீதியில் தனியாக ஓடும்போது இல்லாத யோசனை எல்லாம் வரும். எனக்கு ஏற்கெனவே யோசனை கூட. லொறியைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்து, திரும்பி வந்து கைபிடியை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். “உங்களுக்குப் பயப்பிட ஒண்டும் இல்லாட்டி, ஏன் ஒண்டுமில்லை எண்டு அதுக்கும் பயப்பிடுவியள்” என்று மனைவி சொல்லுவாள்.

அந்த நாட்களில் நாங்கள் எங்கே நின்றாலும் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கும். கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு படம். போனை அதற்கு நேரே பிடித்தால் நீ இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் நின்றாய் என்று பதிவாகிவிடும். பிறகு யாருக்காவது கொரோனா வருத்தம் வந்தால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் நின்ற எல்லோரையும் தேடிப் பிடிப்பார்கள். சந்தை வாசலில், எண்ணெய் அடிக்கிற இடத்தில், சோதனைச்சாவடியில், சாப்பாட்டுக் கடையில் எல்லாம் இருந்தது. மற்றச் சாரதிகள் பொலிஸ் பார்த்தால் ஸ்கேன் அடிப்பார்கள், பார்க்காவிட்டால் விட்டுவிடுவார்கள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போனில் இருக்கிற சின்ன எழுத்தை வாசித்து விளங்குவதற்குள் திரை அணைந்துவிடும். அதனால் பதிவாகியதோ இல்லையோ என்று சந்தேகம் வந்து ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை பிடிப்பேன்.

கனகராயன்குளத்தில் தேத்தண்ணிக்கு நிற்கிற கடையில் இதை வைத்து என்னைப் பகிடி பண்ணாதவர்கள் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி வந்து குடியேறிய ஒரு முஸ்லிம் அண்ணை, நானா என்றுதான் கூப்பிடுவோம், அரிசி லொறி ஓடுகிறவர், அவர்தான் கூடப் பகிடி பண்ணுவார்.

“தம்பி, கக்கூஸ் கதவிலையும் ஒண்டு ஒட்டிக் கிடக்கு. அடிச்சனீரோ?”

“அடிச்சனான் நானா.”

“போகேக்கை அடிச்சனீரோ, வரேக்கை அடிச்சனீரோ?”

கடைக்காரர் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியை ஊற்றிவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் உண்மையாகவே போகும்போதும் வரும்போதும் அடித்திருந்தேன்.

இனி, கிளிநொச்சிக்குத் தெற்கே வீதியோரத்தில் இருக்கிற பிள்ளையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் சொல்லத் தேவையில்லை. அந்த வீதியால் ஒருமுறை போனவருக்கும் தெரியும். பஸ்ஸோ காரோ லொறியோ, அவருக்கு முன்னால் நிறுத்தி இறங்கி, கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிப் போகாதவன் வழியில் அடிபடுவான் என்று எங்களுக்குள் ஒரு பயம். பக்கத்திலேயே வரிசையாக நிலக்கடலை விற்கிற கச்சான் கடைகள், எல்லாம் பெண்களுடையவை. வறுத்த கச்சானைக் கடதாசிச் சரையில் சுற்றித் தருவார்கள். கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்காமல் ஒருவரும் ஏறுவதில்லை. நானா கும்பிட மாட்டார். ஆனால் அவரும் நிறுத்துவார். “எனக்கும் பிள்ளையாருக்கும் ஒரு கோவமும் இல்லை. கச்சான் ரெண்டு பேருக்கும் பொது” என்பார்.

கோயில் வாசலிலும் அந்தக் கடதாசி ஒட்டியிருந்தது. அதை நான் ஒருநாளும் அடிக்கவில்லை. கக்கூஸ் கதவில் அடித்தவன் அங்கே அடிக்கவில்லை. செருப்பைக் கழற்றி லொறிக்குள் போடும்போதே போனையும் ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்குவது என் பழக்கம். சாமிக்கு முன்னால் போனோடு நிற்க மனம் வராது. அதோடு, நிற்பது என்றால் எங்களுக்குச் சாப்பாட்டுக்கு, எண்ணெய்க்கு, ரயர் மாற்ற நிற்பதுதான். பிள்ளையாரடியில் நாங்கள் நிற்பதில்லை, கும்பிட்டுவிட்டுப் போகிறோம். எந்தச் சாரதியிடமும் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்லுவான்.

அந்த வரிசையில் கடைசிக் கடை ஒரு அக்காவுடையது. எட்டு வருசமாக அவாவிடம்தான் வாங்குகிறேன். அவாவின் கணவர் கடைசிச் சண்டையில் ஷெல் பட்டு, இடுப்புக்குக் கீழே இயங்காமல் படுக்கையில் இருந்தார். வீடு கடைக்குப் பின்னாலேயே, கூப்பிட்டால் கேட்கிற தூரம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதனால் கடையில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் விட்டுவிட்டு ஓடுவா. பூட்டிய காலத்தில் மருந்துக்கடைக்கும் போக முடியாததால், புண்ணுக்குப் போடுகிற பவுடரைத் தம்புள்ளையில் வாங்கி வரச்சொல்லி இரண்டு முறை போன் எடுத்திருந்தா. என் போனில் அவாவின் நம்பரைக் கச்சான் அக்கா என்று போட்டு வைத்திருந்தேன்.

நான் சொல்ல வந்த நாளில் தம்புள்ளையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும். கோயில் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று கும்பிட்டேன். கடைகளில் மூன்றோ நாலோதான் திறந்திருந்தன.

“தம்பி, ஒருக்கால் கடையைப் பாத்துக்கொள்ளும். அவரைத் திருப்பிப் போட்டிட்டு ஓடி வாறன்” என்றா அக்கா.

நான் கதிரையில் உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொண்டேன். அவா திரும்பி வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கை கச்சான் அள்ளித் தந்தா. நான் முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிட்டு உடைத்து உடைத்துச் சாப்பிட்டேன். அவாவும் சாப்பிட்டா.

“என்ன அக்கா, சனமே இல்லை?”

“சனம் எங்கை? காகத்துக்குத்தான் வறுக்கிறன். காகமும் இப்ப ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டுதான் கேக்குது.”

கணவருக்குப் புண் ஆறிவிட்டது என்று சொன்னா. அதைச் சொல்லும்போது அவாவின் முகத்தில் இருந்த சந்தோசம் இப்போதும் நினைவு இருக்கிறது. கால் மணித்தியாலம் இருந்திருப்பேன். ஒரு சரை வாங்கிச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

மூன்றாம் நாள், தம்புள்ளைக்குப் போய் வந்த சாரதிகள் எல்லோரையும் கூப்பிட்டு மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தார்கள். எனக்கு இருக்கிறது என்று வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனால் அன்று காலையில் மனைவி கருவாடு பொரித்தபோது எனக்கு மணம் தெரியவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்று சொல்லாமல் இருந்தேன். என்னை ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கட்டில் தந்தார்கள். வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டி மனைவியை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் எங்கள் பகுதிச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., போன் எடுத்தார். இளம் குரல். களைத்துப்போன குரல்.

“அண்ணை, தம்புள்ளையிலை இருந்து வரேக்கை எங்கை எங்கை நிண்டனீங்கள்?”

நான் போனைக் காதுக்கும் கண்ணுக்கும் மாற்றி மாற்றிப் பிடித்து, பதிவாகியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தேன். சந்தை வாசல், எண்ணெய், வவுனியாவில் சாப்பாடு, சோதனைச்சாவடி, கனகராயன்குளத்தில் தேத்தண்ணி.

“சரியா இருக்கு. எங்கட பக்கமும் இதேதான் காட்டுது. வேறை எங்கையும்?”

“இல்லை ஐயா. வேறை எங்கையும் நிக்கேல்லை.”

“எல்லாரும் உங்களை மாதிரி அடிச்சிருந்தா எங்களுக்கு எவ்வளவு லேசு அண்ணை” என்றார்.

பள்ளிக்கூடத்தில்கூட என்னை ஒருவரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அந்த ஒரு நாள் எனக்கு வருத்தம் வந்ததே மறந்துபோயிற்று. பொய் சொல்லவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிபோல மனைவி எடுத்தாள். வீட்டுக்குள் அடைபட்டிருந்ததால் என் உடுப்பெல்லாம் தோய்த்திருக்கிறாள்.

“இஞ்சருங்கோ, சேட்டுப் பையுக்கை கச்சான் சரை கிடந்தது. அப்பிடியே தோய்ச்சுப்போட்டன், எல்லாம் கோதாப் போச்சு.” பிறகு கேட்டாள்: “அக்காவைப் பற்றிச் சொன்னனீங்கள்தானே?”

அந்தக் கதிரை, தாடையில் முகக்கவசம், கை நிறையக் கச்சான் எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அதற்கு முன் வரவே இல்லை. இதை யாரும் நம்பாவிட்டாலும் உண்மை அதுதான்.

“ஓம், சொல்லிப்போட்டன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதை உண்மையாக்கினால் போதும், உடனே பி.எச்.ஐ.க்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நம்பரை அழுத்தவும் போனேன். அப்போது பயம் பிடித்தது. வேறு எங்கும் நிற்கவில்லை என்று சொன்னவன் இப்போது மாற்றிச் சொன்னால் பொய் வாக்குமூலம் என்று பொலிஸுக்குக் கொடுப்பார்களோ, லொறிப் பாஸைப் பறிப்பார்களோ. அந்தப் பயம் ஒரு பக்கம். மறுபக்கம் அதைவிடப் பெரிய யோசனை ஒன்று வந்தது. நான் சொன்னால் அக்காவை அன்றே கொண்டுபோய் அடைப்பார்கள். பதினாலு நாள். அவாவின் கணவரை, அந்த அண்ணையை, யார் புரட்டிப் போடுவது? யார் தண்ணி கொடுப்பது? புண் ஆறிவிட்டது என்று சந்தோசமாகச் சொன்னாவே. ஒரு மனிதனைப் படுக்கையில் விட்டுச் சாகடிப்பதா?

இந்த யோசனை வந்ததும் முதல் பயம் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நான் அக்காவுக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவாவுக்கு ஒன்றும் வந்திருக்காது. வெளியில்தானே இருந்தோம், காற்று அடித்ததுதானே. அந்த நேரத்தில் கச்சான் அக்கா என்ற நம்பரைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்து, அக்கா எனக்கு வருத்தமாம், நீங்கள் கவனம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எடுத்தால் அவா என்ன கேட்பா என்று பயந்தேன். எடுக்கவில்லை.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கிறவர். நான் சாப்பாட்டைத் திறக்காமல் வைத்திருப்பதைப் பார்த்து, “என்ன மச்சான், மணம் தெரியாட்டி நல்லதுதானே, இவங்கட சாம்பாரை விழுங்கிப் போடலாம்” என்றார். மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நாலாம் நாள் காலை பொறுக்க முடியாமல் பி.எச்.ஐ.க்கு எடுத்தேன். அக்காவின் கடையில் இருந்ததைச் சொன்னேன்.

“பிள்ளையாரடியோ?” என்றார்.

“ஓம் ஐயா. நிக்கேல்லை, கும்பிட்டிட்டு…”

“அந்த அக்காவை நேற்று ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாச்சு அண்ணை. மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டவா. அவவின்ரை மனிசனுக்கும் இருக்கு. அவரை வேறை இடத்துக்குக் கொண்டு போட்டினம்.” குரல் இன்னும் களைத்திருந்தது. “எந்த லொறியாலை வந்தது எண்டுதான் எங்களுக்குப் பிடிபடேல்லை. ஒருத்தற்றை போனிலையும் அந்த இடம் இல்லை.”

அவர் என்னை ஏசவில்லை. பொலிஸுக்குக் கொடுக்கவுமில்லை. பாஸும் பறிபோகவில்லை. நான் பயந்த ஒன்றுமே நடக்கவில்லை.

கொண்டுபோன எட்டாம் நாள் அண்ணை போய்விட்டார். நுரையீரல் தாங்கவில்லையாம், படுக்கையிலேயே பத்துப் பன்னிரண்டு வருசம் கிடந்த உடம்புதானே என்றார்கள். பெட்டியை மூடி வவுனியாவுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். அக்கா அப்போதும் ஒட்சிசனோடு வேறொரு வார்டில் இருந்தா. அவாவுக்குப் போனில்தான் சொன்னார்கள். போனை ஒரு தாதி காதில் பிடித்துக்கொண்டு நின்றாவாம். இதையெல்லாம் நான் கனகராயன்குளத் தேத்தண்ணிக் கடையில் பிறகு கேள்விப்பட்டேன்.

குணமாகி வந்து நான் திரும்பவும் ஓடத் தொடங்கினேன். பிள்ளையாரடியில் கடைசிக் கடை மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. நான் இறங்கி, அந்தப் பக்கம் பார்க்காமல் கும்பிட்டுவிட்டு ஏறிவிடுவேன். சேட்டுப் பையில் கச்சான் இல்லாமல் வீட்டுக்குப் போவேன். மனைவி சில நாள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கேட்டாள். அன்று எல்லாவற்றையும் சொன்னேன், அவளுக்குச் சொன்ன பொய்யையும். அவள் நீண்ட நேரம் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா கடை திறந்தவுடனை போய்ச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்” என்றாள்.

கடை திறந்த செய்தி தெரிந்தும் இரண்டு கிழமை போகாமல் இருந்தேன். பிறகு ஒரு காலை, வெறும் லொறியோடு போய் இறங்கினேன். அக்கா மெலிந்திருந்தா. பொட்டு இல்லை. கச்சானைப் புடைத்துக்கொண்டிருந்தவா என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினா. நான் உட்காரவில்லை.

“அக்கா, அண்டைக்கு உங்களுக்கு இந்த வருத்தத்தைத் தந்தது நான்தான்.”

அவா சுளகைக் கீழே வைத்தா.

“நீர் நாலாவது ஆள்.”

எனக்கு விளங்கவில்லை.

“அரிசி லொறி நானா வந்தவர். கோழித்தீன் ஏத்துற பெடியன் வந்தவன், காலிலை விழுந்திட்டான். தேங்காய் லொறி ஐயாவும் வந்தவர். எல்லாருக்கும் அந்தக் கிழமை வருத்தம் இருந்ததாம். எல்லாரும் தாங்கள்தானாம். ஒருத்தரும் இந்த இடத்தைச் சொல்லேல்லையாம். கும்பிடுற இடத்தை எப்பிடி அக்கா நிண்ட இடம் எண்டு சொல்லுறது எண்டு கேக்கினம்.” அவா கொஞ்சம் சிரித்தா. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. “நாலு பேரிலை ஒருத்தர் சொல்லியிருந்தாலும் என்னை வந்து முதலே ஏத்தியிருப்பினம். அவர் தப்பியிருப்பார்.”

அத்தோடு நான் பேச்சை நிறுத்தியிருக்கலாம். நாலு பேரில் ஒருவனாக நின்றுகொண்டு திரும்பி வந்திருக்கலாம். அவாவே அதற்கு வழி விட்டுத் தந்திருந்தா. ஆனால் எனக்கு உள்ளே இருந்தது அது இல்லை.

“எனக்கு ரெண்டாம் நாளே ஞாபகம் வந்தது அக்கா” என்றேன். “வந்தும் மூண்டு நாள் சொல்லேல்லை. உங்களைக் கொண்டு போனா அண்ணையை ஆர் பாக்கிறது எண்டு யோசிச்சனான்.”

அக்கா என்னைப் பார்த்தா. கோபமாகப் பார்க்கவில்லை. விளங்காத எதையோ வாசிப்பதுபோலப் பார்த்தா.

“என்ரை தங்கச்சி மாங்குளத்திலை இருக்கிறாள். அவளுக்கு அவரைப் புரட்டத் தெரியும், துடைக்கத் தெரியும். முந்தி நான் ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை அவள்தானே பாத்தவள். ஒரு போன் எடுத்திருந்தா வந்திருப்பாள்.” பிறகு மெதுவாக, “என்னட்டைக் கேட்டிருக்கலாமே தம்பி.”

“ஓம் அக்கா.”

“என்ரை நம்பர் உம்மட்டை இருந்ததுதானே.”

“இருந்தது.”

பஸ் ஒன்று வந்து நின்றது. சனம் இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கடைகளுக்கு வந்தது. அக்கா எழும்பி நாலைந்து பேருக்குச் சரை சுற்றிக் கொடுத்தா. கை வழக்கம்போலவே வேகமாக ஓடியது. பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

“மற்ற மூண்டு பேருக்கும் நான் பரவாயில்லை எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்” என்றா, என்னைப் பார்க்காமல். “அவைக்கு மறந்து போச்சு. மறந்த ஆக்களோடை என்ன கோவம். உமக்கு ஞாபகம் வந்திருக்கு. உமக்கு என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை தம்பி.”

நான் தலையாட்டிவிட்டு வந்து லொறியில் ஏறினேன்.

இது நடந்து சில வருசம் ஆகிவிட்டது. சுவர்களில் ஒட்டியிருந்த கடதாசிகள் மழையில் கரைந்துபோயின. நான் இப்போதும் அதே வீதியால் கிழமைக்கு இரண்டு முறை ஓடுகிறேன். பிள்ளையாரடியில் இறங்குகிறேன். அக்கா கச்சான் சுற்றித் தருகிறா, நான் வாங்குகிறேன். மழையைப் பற்றி, நெல்லைப் பற்றிக் கதைக்கிறோம். என்ன சொல்லுவது என்று அவாவுக்கு இன்னும் தெரியவில்லை போலும். நானும் கேட்பதில்லை.